காலுறைக் கணக்கு

ஜன்னல் பக்கம் நீயே உட்கார்ந்துகொள் அம்மா. எனக்குக் காற்று ஆகாது, காது வலிக்கும். பூந்தமல்லி தாண்டிவிட்டால் பஸ் பறக்கும், காற்று நேரே காதுக்குள்தான் புகும். பை உன்னை இடிக்கிறதா? மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே ஒன்றுமில்லை. கல்யாணப் பெண்ணுக்கு ஒரு புடவை, ஒரு வெள்ளிக் கிண்ணம், இவருக்கு மாற்று வேட்டி.

நீ எது வரைக்கும்? காஞ்சிபுரமா? நாங்களும் அங்கேதான். நாங்கள் என்றால், அதோ முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு பேசுகிறாரே, வெள்ளைச் சட்டை, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர். டிரைவர் தெரிந்தவரா என்று பார்க்கிறாயா? இல்லை, இப்போதுதான் முகம் பார்த்தார். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் எங்கள் வீட்டுக் கிணற்றில் எத்தனை ஆள் ஆழம் தண்ணீர் என்பது வரைக்கும் டிரைவருக்குத் தெரிந்துவிடும்.

அவர் பேர் என்னவென்று கேட்காதே. வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சமயக்குரவர் நால்வரில் உழவாரம் ஏந்தி நிற்பாரே, அவர் பேர்தான். நாவுக்கே அரசர். பெற்றவர்கள் தொட்டிலில் பார்த்தே எப்படிக் கண்டுபிடித்தார்களோ!

எங்கள் தெருவில் ஏதாவது சேதி எல்லாருக்கும் தெரிய வேண்டுமென்றால் தண்டோரா போடுவதில்லை. இவரிடம் வந்து காதோடு, "முதலியார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்பார்கள். ரேஷன் கடைக்காரன் சர்க்கரை வந்தால் அப்படித்தான் செய்வான். பொழுது சாய்வதற்குள் கடை வாசலில் வரிசை நிற்கும். இவருக்கு மட்டும் சர்க்கரை கிடைக்காது. சேதி சொல்லப் போயிருப்பார் அல்லவா?

சரி, எதற்குக் காஞ்சிபுரம் போகிறோம் தெரியுமா? ஒருத்தரை மன்னிக்க.

ஆமாம், மன்னிக்கத்தான். அதற்காக இஸ்திரி போட்ட சட்டை. கச்சபேசன் என்று இவருக்குப் பால்ய சிநேகிதர். காஞ்சிபுரத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. யுத்த காலத்தில் அவர் இவரை மேலதிகாரியிடம் காட்டிக் கொடுத்துவிட்டாராம். அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. இப்போது அவருடைய மகள் தில்லைநாயகிக்குக் கல்யாணம். பத்திரிகை வந்தது. இவர் அதை மூன்று நாள் மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தார். நான்காம் நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே, "மன்னிச்சிடறேன்" என்றார். வாய் நிறைய நுரை, நான் பாலைக் கேட்கிறாரோ என்று நினைத்தேன்.

மன்னிப்பதானால் சும்மா மன்னிக்க வேண்டியதுதானே? இல்லை, சபையில் மன்னிக்கப் போகிறார். இன்றைக்குச் சாயங்காலம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து தாம்பூலம் மாற்றுகிற நேரத்தில் எழுந்து, "இந்தக் கச்சபேசன் ஒரு காலத்துல என்னைக் காட்டிக் கொடுத்தவன், ஆனா இன்னைக்கு நான் மனசார மன்னிக்கிறேன்" என்று சொல்வாராம். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். 'மனசார' என்கிற இடத்தில் கையை நெஞ்சில் வைக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வந்தவாசிப் பக்கம், பழைய குடும்பம், சின்னச் சொல் பட்டாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள் என்று கேள்வி. பெண்ணின் தகப்பன் துரோகி என்று சபையில் கேட்டால் என்ன செய்வார்கள்? நான் அதைச் சொன்னேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது தையலு, மன்னிப்புன்னா பத்து பேருக்குத் தெரியணும்" என்கிறார்.

எனக்கு ஒன்றும் தெரியாது. அது சரிதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று. கச்சபேசன் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்தது நான்.

எழுந்திருக்காதே, உட்கார். காட்டிக் கொடுத்தேன் என்பது கூடச் சரியில்லை. மொழிபெயர்த்தேன். அதுதான் என் வேலை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். சாகிற வரைக்கும் சொல்வதில்லை என்று சர்க்கார் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். நீ பேசுகிற ஜாதி இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறாய். நானும் உன் வயதில் அப்படித்தான். பி.ஏ. முடித்திருந்தேன். வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். எங்கள் கல்லூரி பிரின்ஸிபாலுக்கு அது தெரிந்திருக்கிறது. "இவள் வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் ஒன்றையும் விட மாட்டாள்" என்று ராணுவத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அப்போது பட்டணத்தில் குண்டு விழப் போகிறது என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியிருந்தது. கீழ்ப்பாக்கத்தில் தோட்டத்துக்குள் ஒரு பெரிய வீடு. நாங்கள் காக்கிப் புடவை கட்டிக்கொண்டு போவோம். எதிரி பேசுவதைக் கேட்க வேறு ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் கேட்டது நம்முடைய ஆட்களை. ராணுவ போனில் யார் யார் வாய் தவறி எதை எதை உளறுகிறார்கள், எதிரி ஒட்டுக் கேட்டால் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்வான் என்று நாங்கள் முதலில் கேட்டு எழுதித் தர வேண்டும். தமிழில் உளறினால் நான். தெலுங்கில் உளறினால் இன்னொருத்தி. இங்கிலீஷில் உளறினால் எல்லாரும்.

சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார்கள். சிவப்பு உதட்டோடு ஒரு பெண், அவளைச் சுற்றி சிப்பாய்கள். 'பெண்களிடம் வாயைத் திறக்காதே, ரகசியம் போய்விடும்' என்று கீழே எழுதியிருக்கும். அந்தப் படத்துக்கு அடியில்தான் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க ஆம்பிளைகள் உளறுவதை எழுதிக்கொண்டிருப்போம். ஒரு மேஜர் இருந்தார். நடனத்துக்குக் கூப்பிட்ட பெண்ணிடம், "சனிக்கிழமை வர முடியாது கண்ணே, அன்றைக்குத்தான் கப்பல் புறப்படுகிறது" என்று சொன்னார். எழுதினோம். மறுவாரமும் சொன்னார். எழுதினோம். அவருக்கு என்ன ஆயிற்று? கர்னல் ஆனார்.

ஹெட்போன் என்றால் இப்போது மாதிரி பஞ்சு வைத்தது இல்லை. இரும்பு வளையம், கருப்பு மூடி. அரக்கோணத்தில் இருந்த ராணுவக் கிடங்கிலிருந்து மரப்பெட்டியில் வரும். நாற்காலி, மேசை, மின்விசிறி, எல்லாம் அங்கிருந்துதான். காது சிவந்து தடித்துவிடும். தலையில் பூ வைத்தால் வளையத்தில் நசுங்கிவிடும் என்று நாங்கள் எல்லாரும் பின்னலின் நுனியில் வைத்துக்கொள்வோம். தெருவில் பார்க்கிறவர்கள் புது நாகரிகம் என்று நினைத்துத் தாங்களும் அப்படி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

வீட்டில் என்ன சொல்வது? எங்கள் தலைமை அதிகாரி மிஸ் ரோசாரியோ, சட்டைக்காரப் பெண்மணி, அதுதான் ஆங்கிலோ இந்தியர், நல்லவள். ஆளுக்கு ஒரு பொய் கொடுத்தாள். எனக்குக் கிடைத்தது காலுறை. ராணுவத்துக்கு வருகிற கம்பளிக் காலுறைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அப்பா, "பி.ஏ. படிச்சவளுக்குக் காலுறையா?" என்று ஒரு வாரம் சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் காலுறை வேண்டும். "எடுத்துட்டு வாயேண்டி, சர்க்கார் சொத்துதானே?" நான் என்ன செய்வேன்? மூர் மார்க்கெட்டில் என் சம்பளத்தில் காலுறை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வருஷம் சைதாப்பேட்டையில் வெயிலில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள் எல்லாரும் தேசப் பாதுகாப்புக்காகத் திரிந்தவர்கள்.

இவரா? வருகிறேன், வருகிறேன்.

எனக்குக் கொடுத்த லைனில் இரண்டு குரல். ஒன்று சென்னையில் சப்ளை ஆபீஸ் கிளார்க். இன்னொன்று அரக்கோணம் கிடங்கின் ஸ்டோர் கீப்பர். கிளார்க் பேசுவார், ஸ்டோர் கீப்பர் "ம்" என்பார். அவ்வளவுதான் சம்பாஷணை. லைன் கிடைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல் ஓடும். அப்போது யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கிளார்க் தனக்குத்தானே இங்கிலீஷ் பேசிப் பார்ப்பார். "குட் மார்னிங் சார். வெரி குட் மார்னிங் சார். நோ சார்." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தைரியமா சொல்லுடா" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வரும். தினமும் வரும். ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் அது இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கும். அதெல்லாம் வேலைப் பழக்கம்.

போனில் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. நம்மவர் மூளையைக் கசக்கி ஒரு சங்கேத பாஷை கண்டுபிடித்தார். கல்யாண பாஷை. சிப்பாய்கள் என்றால் மாப்பிள்ளை வீட்டார். ரயில் என்றால் ஊர்வலம். பிஸ்கட் டப்பா என்றால் சீர்வரிசை. சாப்பாடு என்றால் பந்தி. "கச்சபேசா, வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலம் வராங்க, அறுநூறு இலை போடு" என்பார். எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதோடு விட்டிருக்கலாம். உடனே, "மாப்பிள்ளை வீட்டார்னா யாரு? சோல்ஜருங்க. மறந்துடாதே. ஊர்வலம்னா ரயில்" என்று அதே லைனில் விளக்கமும் சொல்வார். எதிரி வேறு அகராதி தேட வேண்டியதில்லை.

மிஸ் ரோசாரியோ அந்தச் சொற்களையெல்லாம் கரும்பலகையில் எழுதி வைத்தாள். நலங்கு என்றால் என்ன, பரிசம் என்றால் என்ன என்று மேலதிகாரிகள் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். சண்டை நடக்கிற இடத்தில்கூட அவ்வளவு மூளை செலவாகியிருக்காது.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. பேரைக் கேட்டதும் திக்கென்றது. ஆனால் அந்தப் பேரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் அல்லவா? வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு காப்பித் தட்டோடு வந்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு! தட்டில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. திறந்தால், "வெரி குட் மார்னிங் சார்" என்று நானே சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் அப்பாவிடம் சப்ளை ஆபீஸ் சமாசாரம் எல்லாம் கொட்ட ஆரம்பித்துவிட்டார். எந்தச் சேவகனுக்கு எந்த ஊருக்கு மாற்றல், எந்த ரயிலில் எவ்வளவு அரிசி. என் கை தானாகப் பென்சிலைத் தேடியது. அவருடைய அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏம்மா, காலுறை ரெண்டு ஜோடி கிடைக்குமா?"

திங்கட்கிழமை ஹெட்போனை மாட்டுகிறேன், வழக்கம்போல, "குட் மார்னிங் சார்." பிறகு கச்சபேசன் லைனில் வந்தார். இவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன் கேள். "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரா போனோம்டா. பொண்ணு வாயே தெறக்கல, ஊமைக் கோட்டான். காது ரெண்டும் முறம் மாதிரி. பஜ்ஜி பரவாயில்ல, சொஜ்ஜி ஆறிப்போச்சு. வேற எங்க தேடறது? தை பொறக்கட்டும், முடிச்சிடலாம்."

முறம் மாதிரி. நீயே பார், முறம் மாதிரியா இருக்கிறது? ஹெட்போன் அழுத்தித் தடித்திருந்த காது அம்மா அது. அவர் உளறினதைக் கேட்டுக் கேட்டுத் தடித்த காது.

எனக்குக் கோபமா? கோபம் எதற்கு? ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். நான் என் வேலையைச் செய்தேன். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்து, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் விடாமல் தட்டச்சு செய்து கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்த மிஸ் ரோசாரியோவுக்கு வியர்த்துவிட்டது. கரும்பலகையில் 'மாப்பிள்ளை வீட்டார்: சிப்பாய்கள்' என்று இருக்கிறதே! சிப்பாய்கள் வெள்ளிக்கிழமை எங்கோ போயிருக்கிறார்கள். அங்கே பேசாத ஒன்று இருக்கிறது. தை பிறந்ததும் எதையோ முடிக்கப் போகிறார்கள். பெரிய அதிகாரிகள் காரில் வந்து இறங்கினார்கள். தை என்றால் ஜனவரி நடுவில் என்று பஞ்சாங்கம் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜனவரியில் அவர்கள் நிஜமாகவே ஏதோ திட்டம் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெனரலுக்கே நேற்றுத்தான் தெரியும், இந்தக் கிளார்க்குக்கு எப்படித் தெரிந்தது?

"சொஜ்ஜி என்பது வெடிமருந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

பெண் என்றால் பெண்தான், சொஜ்ஜி என்றால் சொஜ்ஜிதான் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்தி. சொல்லியிருக்கலாமே என்கிறாயா? எப்படிச் சொல்வது? அத்தனை பெண்களுக்கு நடுவில், வெள்ளைக்கார அதிகாரிகள் முன்னால், "அந்த முறக்காதுப் பெண் நான்தான்" என்று சொல்வதா? எனக்குக் கூச்சம். 'முறம்' என்றால் என்ன என்று மிஸ் ரோசாரியோ கேட்டாள். காகிதத்தில் வரைந்து காட்டினேன். நன்றாகவே வந்தது.

கச்சபேசன் என்ன சொன்னாரா? அவர் எப்போதும்போல "ம்" என்றுதான். இல்லை, அன்றைக்கு மட்டும் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். "காது பெருசா இருந்தா நல்லதுடா. நீ பேசறதக் கேக்க வீட்டுல ஒரு ஆள் வேணுமே" என்றார். அதை நான் எழுதவில்லை. அது என்ன பாதுகாப்பு விஷயமா, எழுதுவதற்கு? வீட்டுப் பேச்சு.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? ஒன்றையும் விடவில்லை என்றேன். ஆமாம். வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை.

இவரைக் கூப்பிட்டு மேஜர் அந்தக் காகிதத்தை வரிக்கு வரி படித்துக் காட்டினாராம், முறம் உள்பட. நடனமாடுகிற மேஜர் இல்லை, அவர்தான் கர்னல் ஆகிவிட்டாரே, இது வேறு மேஜர். இவர் அது நிஜப் பெண், நிஜச் சொஜ்ஜி என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். யார் நம்புவார்கள்? ஜெயில் என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள், கோவேறு கழுதைகளுக்குத் தீனி அளந்து போடுகிற இடத்துக்கு. கழுதைகளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எதிரிக்குப் போகாது. யுத்தம் முடிகிற வரைக்கும் அங்கேதான். மலேரியாவில் பாதி உயிர் போய், எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்.

போகும்போதே முடிவு கட்டிவிட்டார். "அந்த லைன்ல இருந்தது ரெண்டே பேரு. நான் சொல்லல. அப்போ யாரு சொன்னது?" அவருடைய கணக்கில் தப்பே இல்லை பார். கூட்டல் எல்லாம் சரி. மூன்றாவது ஆள் ஒருத்தி இருப்பாள் என்று அவருக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. என்னை எதிரே உட்கார வைத்துக்கொண்டே இத்தனை வருஷமாக, "யாருடி அந்தப் பாவி!" என்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றுவேன்.

கல்யாணமா? மலேரியாக்காரருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவருடைய அம்மா மறுபடி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். அப்பா வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். பரிதாபம் என்று நினைக்காதே. ரேடியோவில் ஒரு ஸ்டேஷன் பழகிவிட்டால் முள்ளைத் திருப்ப மனசு வருமா?

கல்யாணத்துக்குக் கச்சபேசன் கூப்பிடாமலேயே வந்துவிட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாமியார் என்னை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார்: "இவதாம்பா மருமக. கீழ்ப்பாக்கத்துல அந்தத் தோட்டத்து வீட்டுல ராணுவத்துக்குக் காலுறைக் கணக்கு எழுதினவ." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் காதைப் பார்த்தார். அதற்குள் இவர் மாலையும் கழுத்துமாக வந்து, ஊரே பார்க்க, "காட்டிக் கொடுத்த பய என் கல்யாணத்துல கை நனைக்கறதா?" என்று கத்தினார். வாத்தியம் நின்றுவிட்டது. எந்த ஆம்பிளையாவது சும்மா இருப்பானா? நான் இல்லை என்று சொல்ல மாட்டானா? அவர் இவரைப் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், இலையை மூடினார், எழுந்து போய்விட்டார். ஒரு வாய்ச் சோறு உள்ளே போகவில்லை.

அசடு. பேசத் தெரியாத அசடு. அதற்கப்புறம் ஒரு வாரத்தில் தபாலில் ஒரு பார்சல் வந்தது. அவர் அனுப்பினது. இவர் பேருக்கு இல்லை, என் பேருக்கு. பிரித்துப் பார்த்தால் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. கடிதம் கிடிதம் ஒன்றுமில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். காலுறைக் கணக்கு எழுதினவள் என்று மாமியார் சொன்னதை நிஜமென்று நம்பிக் காலுறையே வாங்கி அனுப்பியிருக்கிறாரே என்று. இத்தனை வருஷம் நினைத்து நினைத்துச் சிரித்திருக்கிறேன். சிரிப்பாக இல்லை?

என்ன கேட்டாய்? உரக்கக் கேள் அம்மா, பஸ் சத்தம்.

ஹெட்போன் பெட்டிகளை அந்த வீட்டுக்கு அனுப்பினது யாரா? அதான் சொன்னேனே, அரக்கோணம் கிடங்கு. ஸ்டோர் கீப்பர் கையெழுத்துப் போட்டு வரும். ஸ்டோர் கீப்பர்...

அவர்தான்.

இரு. கொஞ்சம் இரு.

அப்படியானால் அந்த வீட்டுக்குக் காலுறை ஒன்றுகூடப் போனதில்லை என்று அவருக்குத் தெரியும். போனதெல்லாம் ஹெட்போன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் தெரியும். என் காதைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இலையை மூடினபோது தெரியும். சொல்லியிருந்தால், அந்தப் பந்தியிலேயே, "டேய், நானில்லடா, இதோ உன் பெண்டாட்டி" என்று சொல்லியிருந்தால், நான் என்ன ஆகியிருப்பேன்? கழுத்தில் தாலி ஏறி ஒரு நாழிகை ஆகவில்லை.

உலகத்து வாய்களையெல்லாம் கேட்டு எழுதினேன் என்று பெருமைப்பட்டேனே. பேசாத ஒரு மனுஷர் காலுறையை அனுப்பிச் சொன்னது இன்றைக்கு, நீ கேட்ட பிறகுதான் காதில் விழுகிறது. கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு கையெழுத்தும் போடாமல் ரகசியத்தைக் காத்தவர் அவர். எனக்காக. அந்த ஆளைத்தான் இவர் இன்று சாயங்காலம் சபையில் மன்னிக்கப் போகிறார்.

எந்த இடம் இது? பொன்னேரிக்கரையா? அதற்குள் வந்துவிட்டதா? அதோ கேட்கிறதா, டிரைவரிடம் ஒத்திகை பார்க்கிறார். "மனசாரன்னு சொல்லும்போது, நான் எழுந்து நிப்பேன் பாருங்க..."

இவரிடம் வாதாடிப் புண்ணியமில்லை. கச்சபேசன் செய்யவில்லை என்று நான் சொன்னால், உனக்கு ஒன்றும் தெரியாது என்பார். செய்தது நான் என்றால் நம்ப மாட்டார், காலுறைக்காரி என்று சிரிப்பார். ஆனால் அந்த இரைச்சலில், லைன் கிடைப்பதற்கு முன்னால் "குட் மார்னிங் சார், தைரியமா சொல்லுடா" என்று சொன்னாரே, அது கச்சபேசனுக்குக்கூடக் கேட்டிருக்காது. அதைச் சொன்னால் நம்புவார். நம்பித்தான் ஆக வேண்டும்.

நம்பினால் என்ன செய்வாரோ? இந்த வயதில் அம்மா வீட்டுக்கு அனுப்புவாரா? அம்மாவும் இல்லை, வீடும் இல்லை. போகட்டும். மன்னிப்பு எப்படியும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து தயாராக இருக்கிறது, ஆளைத்தான் மாற்ற வேண்டும். மன்னிக்காவிட்டாலும் ஊரெல்லாம் சொல்லித் தீர்ப்பார். அது நிச்சயம். அதுதான் எனக்கு வேண்டும். தாம்பூலம் மாற்றுவதற்குள் கடைசிப் பந்தல்காரன் வரைக்கும், கச்சபேசன் இல்லை, என் பெண்டாட்டிதான் என்று தெரிந்திருக்கும். எந்தத் தண்டோராவும் இவ்வளவு வேகமாகப் போகாது.

நீ கொஞ்சம் எழுந்து முன்னால் போய் அவர் இடத்தில் உட்கார்ந்துகொள் அம்மா.

ஏங்க! ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. டிரைவர் எங்கயும் போயிட மாட்டார், வாங்க. இப்படி, காதைக் கிட்ட கொண்டாங்க. உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.